அப்பா வயர்மேன், எனக்கு சர்க்யூட்டில் அரியர்: ட்ரிபிள் ஈ படிப்பைத் தொடரலாமா?

கேள்வி: மேடம், எனக்கு ராஜபாளையம் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) சேர்ந்தேன். அப்பா வயரிங் வேலை பார்க்கிறார். அவர் ஆசைப்பட்டதால்தான் இந்தப் பிரிவை எடுத்தேன். இப்போது மூன்றாம் செமஸ்டர். முதல் செமஸ்டர் கணிதத்திலும் இரண்டாம் செமஸ்டர் சர்க்யூட் அனாலிசிஸிலும் அரியர் இருக்கிறது. வகுப்பில் ஆங்கிலத்தில் நடத்துவது பாதி புரிவதில்லை. கணக்கில் எல்லாம் ‘ஜே’ போடுகிறார்கள், அது எதற்கென்றே தெரியவில்லை. “பொம்பளப் பிள்ளைக்கு கரண்ட் வேலை எதுக்கு? எப்படியும் ஐடிக்குத்தானே போகப் போற” என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். இதை விட்டுவிட்டு அடுத்த வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரலாமா? அரியர் விஷயத்தை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சர்க்யூட்டையே முடிக்கவில்லை, மிஷின்ஸ் எப்படிப் புரியும்?

பதில்:

மகளே, விட வேண்டாம். உன் கடிதத்தை மூன்று முறை படித்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சப்ஸ்டேஷன்களில் ரிலே (பழுது வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க வைக்கும் காவல் கருவி) டெஸ்டிங் வேலை செய்தவள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் பொறுப்பாக இருந்தது. நல்ல மார்க்கோடு வந்தவர்களிடம் “இந்த ‘ஜே’ எதுக்குப்பா?” என்று கேட்டால் பல பேர் விழிப்பார்கள். அது என்னவென்று கேட்காமலேயே கணக்குப் போட்டு, பாஸாகி, வேலைக்கும் வந்துவிட்டவர்கள் அவர்கள். உனக்கு அது உறுத்துகிறது. உன் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரியும் அதுதான், அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அப்பா கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர், பேனல் மாட்டப் போவார் இல்லையா? அந்தப் பேனலில் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு கண்டென்சரும் இருக்கும். 5 எச்.பி. மோட்டாருக்கு வழக்கமாக 2 கேவிஏஆர் அளவுள்ள கண்டென்சர் போடுவார்கள். அப்பா போகும்போது ஒரு நாள் நீயும் போ. வயரைச் சுற்றிக் கவ்வி கரண்ட்டை அளக்கும் டாங் டெஸ்டரை மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல். ஒன்று, மோட்டாருக்குப் போகும் வயர். இரண்டு, கண்டென்சருக்குப் போகும் வயர். மூன்று, இரண்டுக்கும் சேர்த்து கரண்ட் கொண்டுவரும் மெயின் வயர். பேனலைத் திறப்பதும் டெஸ்டரை மாட்டுவதும் அப்பா கையாலேயே நடக்கட்டும். நீ தள்ளி நின்று எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்.

415 வோல்ட் சரியாக வந்து, மோட்டார் முழு லோடில் ஓடி, அதன் எஃபிஷியன்சி 85 சதவீதம், பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்ட்டில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.8 என்று வைத்துக்கொண்டால், மோட்டார் வயரில் ஏறக்குறைய 7.6 ஆம்பியர் காட்டும். கண்டென்சர் வயரில் 2.8. அப்படியானால் மெயினில் எவ்வளவு காட்ட வேண்டும்? கிர்ச்சாஃப் விதிப்படி உள்ளே வருவதும் வெளியே போவதும் சமம் என்றுதானே படித்தாய்? 7.6-உம் 2.8-உம் சேர்ந்தால் 10.4. ஆனால் டெஸ்டரில் 6.3 தான் வரும். மோட்டார் மட்டும் இழுப்பதைவிடக்கூடக் குறைவு!

இதைப் பார்த்ததும் கிர்ச்சாஃப் பொய்யா, டெஸ்டர் கோளாறா என்று தோன்றும். இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்கி அலைகிறது, அதனால்தான் அதை ஏசி என்கிறோம். மோட்டாரின் கரண்ட் உச்சிக்குப் போகும் நேரம் வேறு, கண்டென்சரின் கரண்ட் உச்சிக்குப் போகும் நேரம் வேறு. பெரும்பாலான நேரம் ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்குகிறது. எந்த ஒரு கணத்தை நிறுத்திப் பார்த்தாலும் கிர்ச்சாஃப் கணக்கு இம்மி பிசகாமல் சரியாக இருக்கும். டெஸ்டர் அளவை மட்டும் காட்டுகிறது, நேரத்தைக் காட்டுவதில்லை. அதனால்தான் நமக்குக் குழப்பம்.

மோட்டாரின் 7.6 ஆம்பியரை இரண்டாகப் பிரித்துப் பார். 6.1 ஆம்பியர் வோல்டேஜோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. தண்ணீரை மேலே தூக்குவது இந்தப் பங்குதான். மீதி 4.5 ஆம்பியர் வோல்டேஜுக்குக் கால் சுற்று பிந்தி வருகிறது. அது மோட்டாருக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கப் போய்த் திரும்பி வரும் கரண்ட். கண்டென்சரின் 2.8 ஆம்பியர் கால் சுற்று முந்தி வருகிறது. பிந்துவதில் முந்துவதைக் கழித்தால் மிச்சம் 1.7. இப்போது 6.1 ஒரு பக்கம், 1.7 அதற்குச் செங்குத்தாக இன்னொரு பக்கம். பத்தாம் வகுப்பு பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பார், 6.3 வரும்.

இதில் ‘ஜே’ என்பது “இது கால் சுற்று தள்ளி நிற்கிறது” என்பதற்கு நாம் வைத்த அடையாளம், அவ்வளவுதான். மோட்டார் கரண்ட்டை 6.1 − ஜே4.5 என்றும், கண்டென்சர் கரண்ட்டை +ஜே2.8 என்றும் எழுது. கூட்டினால் 6.1 − ஜே1.7. பிளஸ் டூவில் கலப்பு எண்கள் பாடத்தில் ‘ஐ’ என்று போட்டாயே, அதே ஆள்தான் இவர். எங்கள் துறையில் ‘ஐ’ என்ற எழுத்தைக் கரண்ட்டுக்கு எடுத்துக்கொண்டதால் இதற்கு ‘ஜே’. ஏசி சர்க்யூட்டுகளை இப்படிக் கலப்பு எண்களால் போடும் முறையைச் சார்லஸ் ஸ்டெய்ன்மெட்ஸ் என்ற பொறியாளர் 1893-இல் சிகாகோவில் நடந்த மின்சார மாநாட்டில் விளக்கினார். அதற்கு முன்னால் இதே கணக்குக்கு டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் எழுதி மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. உன்னைப் பயமுறுத்தும் அந்த எழுத்து, வேலையைச் சுலபமாக்குவதற்காக வந்தது.

இன்னொன்றும் செய்து பார்க்கச் சொல். டாங் டெஸ்டரின் வாய்க்குள் மூன்று ஃபேஸ் வயரையும் ஒன்றாக விட்டால் என்ன காட்டும்? மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்க, டெஸ்டரில் கிட்டத்தட்ட சைபர் வரும். ஏன் என்று நான் சொல்லப் போவதில்லை. 120 டிகிரி இடைவெளியில் மூன்று கோடு வரைந்து நீயே கண்டுபிடி. உன் சர்க்யூட் பாடத்தின் த்ரீ ஃபேஸ் யூனிட் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து ஆங்கிலம். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010 முதல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ் வழியில் படிக்க முடிந்தது. நம் பிரிவுக்கு அப்போது அந்த வாய்ப்பு வரவில்லை. அதனால் உன் சிரமம் நியாயமானது. ஆனால் அந்தச் சிரமம் எங்கே இருக்கிறது என்று உற்றுப் பார். பள்ளிக்கூடத்தில் நீ மின்தேக்கி என்று படித்தாய். கல்லூரியில் அதை கெப்பாசிட்டர் என்கிறார்கள். உன் வீட்டில் அது கண்டென்சர். மூன்றும் ஒரே பொருள். அதேபோல மின்தூண்டி என்று படித்தது இங்கே இண்டக்டர், அப்பாவுக்கு சோக், காயில். உனக்குப் பொருள் தெரியும், பெயர்தான் புதிது. நகரத்துப் பள்ளியில் ஆங்கிலத்தில் படித்து வந்த தோழிக்குப் பெயர் தெரியும், ஆனால் அவள் ஒரு கண்டென்சரைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகமே.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகக் கோடு போட்டு, பாடநூல் தமிழ், கல்லூரி ஆங்கிலம், அப்பாவின் சொல் என்று எழுதிக்கொண்டே வா. மூன்றாவது பத்திக்கு நீ அப்பாவிடம் கேட்க வேண்டியிருக்கும். அந்தப் பேச்சு உங்கள் இருவருக்குமே நல்லது. வகுப்பில் புரியாத பாடத்தை என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் வீடியோவில் இலவசமாகப் பார்க்கலாம். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலம்தான், ஆனால் நிறுத்தி நிறுத்தி, நான்கு முறை கேட்கலாம். வகுப்பில் அது முடியாது.

சரி, அரியர் விஷயத்துக்கு வருவோம். “சர்க்யூட்டையே முடிக்கவில்லை, மிஷின்ஸ் எப்படிப் புரியும்?” என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தாய். அந்தப் பயம் சரியானதே. டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார், பின்னால் வரும் பவர் சிஸ்டம் எல்லாமே கடைசியில் ஒரு சர்க்யூட் படமாக வரையப்பட்டு, உன் முன்னால் வைக்கப்படும். அதனால் இந்த செமஸ்டரில் மற்றப் பாடங்களுக்குச் சமமாகச் சர்க்யூட்டுக்கும் தினமும் நேரம் ஒதுக்கு.

எப்படிப் படித்தாய் என்று நீ எழுதவில்லை. ஆனால் என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளைக் கேட்டவரையில், தோற்றவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்திருந்தார்கள். போட்ட கணக்கைப் படித்திருந்தார்கள். புத்தகத்தில் விடையோடு இருக்கும் கணக்கைப் படித்தால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். வெள்ளைத்தாளில் உட்கார்ந்தால் முதல் வரி வராது. நீ ஒரு நாளைக்கு ஒரே ஒரு கணக்கு போடு, போதும். ஆனால் விடையை மூடி வைத்துவிட்டுப் போடு. சர்க்யூட்டைப் பார்த்தபடியே வரையாதே. ஒரு முறை பார்த்துவிட்டு, மூடிவிட்டு, உன் வசதிக்கு ஏற்றபடி மாற்றி வரை. வரைய முடிந்தால் பாதி கணக்கு முடிந்தது. விடை வந்த பிறகு சோர்ஸ் கொடுக்கும் பவரையும் ரெசிஸ்டர்கள் எடுக்கும் பவரையும் தனித்தனியாகக் கூட்டிப் பார். சமமாக வந்தால் உன் விடை பெரும்பாலும் சரி. புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பவே வேண்டாம். இந்தப் பழக்கம் வேலையிலும் கூடவே வரும். சப்ஸ்டேஷனில் விடைப் பக்கம் கிடையாது.

சர்க்யூட்டுக்கு ஈக்குவேஷன் எழுதும் மெஷ், நோடல் முறைகள் இரண்டையும் முதலில் முடி. ஈக்குவேஷன் எழுதிய பிறகு தீர்ப்பதற்குப் பிளஸ் டூவில் படித்த கிராமரின் விதியே போதும். அப்புறம் பெரிய சர்க்யூட்டைச் சுருக்கும் தெவனின், நார்ட்டன் தேற்றங்கள். அடுத்து, பாட வரிசையை விட்டுவிட்டு நேராக த்ரீ ஃபேஸுக்குப் போ, உனக்கு அது வீட்டுப் பாடம் மாதிரி. சுவிட்சைப் போட்டதும் கரண்ட் நிலைக்கு வரும்வரை நடப்பதைச் சொல்லும் டிரான்சியன்ட் பகுதியைக் கடைசியில் வைத்துக்கொள். அதற்கு டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் பழக்கம் வேண்டும், கணித அரியருக்குப் படிக்கும்போதே அதையும் பிளஸ் டூ புத்தகத்தில் ஒரு முறை புரட்டிவிட்டால் இரண்டு வேலையும் சேர்ந்து நடக்கும். கால்குலேட்டரில் கம்ப்ளெக்ஸ் மோடு இருக்கிறது, தெரியும்தானே? முதல் இருபது ஏசி கணக்கு வரை அதைத் தொடாதே, கையால் போடு. அதன் பிறகு கால்குலேட்டரிலேயே போடு, பரீட்சையில் நேரம் மிச்சமாகும்.

கேள்வித்தாளில் இரண்டு மார்க்கில் பத்து, பதின்மூன்று மார்க்கில் ஐந்து, பதினைந்து மார்க்கில் ஒன்று. பதின்மூன்று மார்க் கணக்கில் விடை தப்பாக வந்தாலும் படமும் ஈக்குவேஷனும் சரியாக இருந்தால் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. ஆகவே தெரியாத கேள்வியானாலும் படத்தைத் திருத்தமாக வரைந்து, கரண்ட் போகும் திசையை அம்புக்குறியால் காட்டி, முதல் ஈக்குவேஷனை எழுதாமல் நகராதே.

அம்புக்குறி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து வருடம் இருக்கும். ஒரு சப்ஸ்டேஷனில் 10 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர் புதிதாக வைத்தார்கள், 110 கேவியிலிருந்து 11 கேவி. சார்ஜ் செய்தோம், அதாவது மின்சாரம் கொடுத்தோம், அமைதியாக நின்றது. ஊருக்குப் போகும் ஒரு ஃபீடர் லைனைப் போட்டதும் சற்று நேரத்தில் டிஃபரன்ஷியல் ரிலே வேலை செய்து டிரிப். ஆயிலைப் பார்த்தார்கள், மெகர் போட்டு இன்சுலேஷனைப் பார்த்தார்கள், எல்லாம் நன்றாக இருந்தது. மறுபடி சார்ஜ் செய்தால் சும்மா இருக்கும்போது நிற்கிறது, லோடு ஏறியதும் டிரிப். முழு லோடு 525 ஆம்பியர் தாங்க வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர், ஐம்பது அறுபது ஆம்பியருக்கே விழுந்தது. டிரான்ஸ்ஃபார்மரையே கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று பேச்சு வந்துவிட்டது.

டிஃபரன்ஷியல் ரிலே செய்யும் வேலை மிக எளிது. உள்ளே போகும் கரண்ட்டையும் வெளியே வரும் கரண்ட்டையும் ஒப்பிடும். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டால் பேசாமல் இருக்கும். மிச்சம் வந்தால், டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஏதோ பழுது என்று பிரேக்கரைத் திறந்துவிடும். அன்றைக்கு டிரிப் ஆகாத அளவுக்குக் கொஞ்சமாக லோடு வைத்துக்கொண்டு, இருபக்க சிடிகளிலிருந்து (பெரிய கரண்ட்டைச் சிறிதாக்கி அனுப்பும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்கள்) ரிலேக்கு வரும் கரண்ட்டுகளின் அளவையும் கோணத்தையும் எடுத்தேன். டெஸ்ட் ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் அவற்றை அம்புகளாக வரைந்தேன். மூன்று ஃபேஸையும் ஆர், ஒய், பி என்போம். ஆர் ஃபேஸில் இரண்டு அம்பும் எதிரெதிர். பி ஃபேஸிலும் எதிரெதிர். ஒய் ஃபேஸில் மட்டும் இரண்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. கழிய வேண்டியது அங்கே கூடிக்கொண்டிருந்தது. 11 கேவி பக்கம் ஒய் ஃபேஸ் சிடியில் இரண்டு செகண்டரி வயர்களை முனை மாற்றி மாட்டியிருந்தார்கள். லைனை ஆஃப் செய்து, எர்த் போட்டு, அந்த இரண்டு வயரையும் மாற்றிப் போட கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அந்த டிரான்ஸ்ஃபார்மர் அந்தக் காரணத்துக்காக விழவேயில்லை.

தாளில் வரைந்த ஆறு அம்புகள் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்ப லாரி ஏறாமல் காப்பாற்றின. அதை வரையச் சொல்லிக்கொடுத்தது நீ அரியர் வைத்திருக்கும் அதே பாடம்தான்.

உறவினர்கள் சொல்வதைப் பற்றி. ஏ. லலிதா என்று ஒருவர் இருந்தார், கேள்விப்பட்டிருக்கிறாயா? 1919-இல் சென்னையில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவை. அவருடைய அப்பா கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். மகளை வீட்டு மூலையில் உட்கார வைக்க மறுத்து, அதே கல்லூரியில் அதே துறையில் சேர்த்துவிட்டார். 1943-இல் லலிதா பட்டம் வாங்கினார். சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அதற்கு முன் அப்படி ஒரு தேவையே வரவில்லை. ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி எடுத்தார். பிறகு கல்கத்தாவில் மின்தொடர்கள் (டிரான்ஸ்மிஷன் லைன்கள்), சப்ஸ்டேஷன்கள் வடிவமைக்கும் வேலை. பக்ரா நங்கல் அணையின் மின்சாரப் பணிகளிலும் அவர் உழைப்பு இருக்கிறது. 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போய்வந்தார். இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் என்று இன்றைக்கு அவரைச் சொல்கிறோம். அங்கேயும் பின்னால் நின்றது ஒரு அப்பாதான் என்பதால் இதை உனக்கு எழுதுகிறேன்.

ஃபீல்டு வேலை பெண்களுக்குச் சிரமமே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நான் போன பல இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறை இருந்ததில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு சப்ஸ்டேஷனிலிருந்து வீடு திரும்பிய நாட்களில் என்னைவிட என் வீட்டார்தான் அதிகம் பேச்சு வாங்கினார்கள். இப்போது நிலைமை மாறிக்கொண்டு வருகிறது, முழுக்க மாறவில்லை. அதே சமயம் இந்தத் துறை என்றால் கம்பத்தில் ஏறுவது என்று உன் சொந்தக்காரர்கள் நினைத்திருக்கலாம். டிசைன், டெஸ்டிங், ரிலே செட்டிங், கிரிட் கன்ட்ரோல் ரூம், மோட்டார் டிரைவ், பேட்டரி என்று உட்கார்ந்து யோசித்துச் செய்யும் வேலை இதில் ஏராளம். கம்பத்தில் ஏறுகிறவர்கள் வேலையும் மட்டமானதல்ல. மழையில் லைன்மேன் ஏறாவிட்டால் ராஜபாளையத்துக்கு ராத்திரி வெளிச்சம் கிடையாது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மாறினால் என்ன? உன் மனம் உண்மையிலேயே புரோகிராமிங் பக்கம் இழுத்திருந்தால் நானே போ என்பேன். நீ தப்பித்து ஓடப் பார்க்கிறாய். அங்கே போனாலும் முதல் செமஸ்டரில் இதே மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்தான் உட்கார்ந்திருக்கும். ஒன்றரை வருடமும் போய், அதே பேப்பரை மறுபடி எழுதுவாய். இப்போது உன் கட்டணத்தை அரசு கட்டுகிறது. கையில் இருக்கும் இந்த இடத்தை, அடுத்த வருடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் விடுவது புத்திசாலித்தனம் இல்லை. ஐடி கம்பெனிகள் கேம்பஸுக்கு வந்தால் எல்லாப் பிரிவிலிருந்தும் எடுக்கிறார்கள். கடைசி வருடத்தில் உனக்கு அந்த வேலை தேவைப்பட்டால் ட்ரிபிள் ஈ பட்டத்தோடேயே போகலாம், அதில் தப்பொன்றும் இல்லை. வீட்டுக் கஷ்டத்துக்கு முதல் சம்பளம் எங்கிருந்து வந்தாலும் அது நல்ல சம்பளம்தான். ஆனால் அதற்கு அரியர் இல்லாமல் இருக்க வேண்டும், அதைக் கவனி.

மின் துறை வேலைக்கே எடுக்கும் கோர் கம்பெனிகள் கல்லூரிக்கு வந்து கூட்டமாக எடுப்பது குறைவு. ஆரம்பச் சம்பளமும் பெரும்பாலும் ஐடியைவிடக் குறைவாகவே இருக்கும். நாமே தேடிப் போக வேண்டும். ஆனால் இந்தத் துறையில் இப்போது நடப்பவை எனக்கே திரும்ப வேலைக்குப் போகலாமா என்று ஆசை காட்டுகின்றன. கயத்தாறு பக்கம் போனால் காற்றாலைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பாய். அவற்றுக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல சீசன். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. அது பொழுது சாய்ந்ததும் படுத்துவிடும், வீடுகளில் விளக்குப் போடும் நேரமும் அதுதான். அந்த இடைவெளியை யார் நிரப்புவது? கோவை மாவட்டம் காடம்பாறை நீர்மின் நிலையத்தில், மிஞ்சும் கரண்ட்டை வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் 800 கேவி டிசி லைன் வந்திருக்கிறது, 6,000 மெகாவாட் கொண்டுவரும். காற்று சீசனில் இங்கிருந்து வடக்கே அனுப்பவும் முடியும். ஏசியை டிசியாக்கி, டிசியை ஏசியாக்கி விளையாடும் பவர் எலக்ட்ரானிக்ஸ்தான் இதில் முக்கால்வாசி. மின்சார வண்டிக்குள் இருப்பதும் அதுவே. நீ எந்தப் பாடத்தில் கூடுதலாகக் கவனம் வைக்கலாம் என்று கேட்டால், பவர் எலக்ட்ரானிக்ஸ் வரும் செமஸ்டரில் அதை விடாதே என்பேன். கூடவே சி, பைத்தான் ஏதாவது ஒன்றைப் பழகிக்கொள், இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும்.

பொறியியல் படித்தவர்கள் எழுதும் கேட் தேர்வைப் பற்றி இப்போதே பதற வேண்டாம். மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க். அந்த மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். பவர் கிரிட், என்டிபிசி போன்ற நிறுவனங்கள் அதை வைத்துப் பொறியாளர்களை எடுத்திருக்கின்றன, எம்.டெக். போகவும் அதுவே வழி. அதிலும் சர்க்யூட்டும் கணிதமும் உண்டு. மூன்றாம் வருடம் தொடங்கும்போது அதைப் பற்றி யோசி.

கடைசியாக அப்பா. அவருக்கு நீ சொல்லிவிட வேண்டும், இந்த வாரமே. அரியர் என்றால் பரீட்சையை மறுபடி எழுதுவது, படிப்பு நின்றுவிடவில்லை என்று அவருக்குப் புரியும்படி முதலில் சொல். அவர் கோபப்படலாம். கோபப்பட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் இரு. அப்புறம் மேலே எழுதியிருக்கிற மோட்டார் கணக்கை எடுத்துக்கொண்டு போய், “அப்பா, எனக்கு இதை டெஸ்டர் வைத்துக் காட்டணும்” என்று கேள். கண்டென்சர் போட்டால் மெயினில் ஆம்ப்ஸ் குறையும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கும். ஏன் குறைகிறது என்று அவருக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ அந்த முக்கோணத்தை வரைந்து காட்டு.

ஒரு எச்சரிக்கை: மோட்டாரை நிறுத்திய பிறகும் கண்டென்சரில் சார்ஜ் சிறிது நேரம் நிற்கும், அதன் முனைகளைத் தொடக் கூடாது. டிரான்சியன்ட் யூனிட்டில் வரும் ஆர்-சி கணக்கு அதைப் பற்றியதே. கிராமத்தில் வோல்டேஜ் 380-க்கும் கீழே இறங்கியிருக்கலாம், கிணற்றில் தண்ணீர் ஆழத்தைப் பொறுத்து லோடும் மாறும், அதனால் உனக்கு என் எண்களே வராது. மூன்று இடத்திலும் எவ்வளவு வந்தது, அப்போது வோல்டேஜ் எவ்வளவு என்று எழுதி அனுப்பு. அந்த மோட்டாரின் பவர் ஃபேக்டர் என்ன என்பதை அந்த நான்கு எண்களை வைத்தே கண்டுபிடிக்கலாம். முதலில் நீ போட்டுப் பார்.